கேளுங்க நேரம்

“போகட்டுமா?” என்று கேட்டார் அவர்.

“போயிட்டு வாங்க” என்றாள் அவள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ வேண்டாம்னா நான் போகலை.”

“நான் ஏன் வேண்டாம்னு சொல்லப் போறேன்? நல்ல வேலை. வலிய வந்து கூப்பிடறாங்க. இப்ப போகலைன்னா நாளைக்கு என்னைச் சொல்லிக் காட்டுவீங்க.”

“நான் எப்பம்மா சொல்லிக் காட்டியிருக்கேன்?”

“இனிமே காட்டுவீங்க.”

அவர் சிரித்தார். டம்ளரில் சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. ஆனாலும் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். “ரெண்டே வருஷம்தான்” என்றார். அதற்குப் பிறகும் அங்கிருந்து போகாமல் நின்றார். அவள் திரும்பிக் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவி வைத்த தட்டை மறுபடியும் கழுவினாள்.

அந்தக் காலை நேரத்தை அவள் எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள். அவர் எதற்காக அங்கே நின்றுகொண்டிருந்தார் என்பது அன்றைக்கே அவளுக்குத் தெரியும். ‘போகாதீங்க’ என்று அவள் சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தார். சொல்லாமலேயே அவர் போகாமல் இருக்க வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். இரண்டு பேரும் பிடிவாதக்காரர்கள். நடுவில் டீதான் ஆறிப்போனது.

அவர் போனது ஒரு துறைமுகத்துக்கு. கடலுக்கு அடியில் சேரும் மண்ணைக் குழாய் விட்டு வாரி எடுக்கும் கப்பலில் பொறியாளர். வாரிய இடத்தில் அலை திரும்பவும் மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கும். அந்த வேலைக்கு முடிவு என்பதே கிடையாது என்று அப்போது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு வருஷம் இன்னொரு இரண்டாகி, அதுவும் நீண்டது. அப்போது ஆறாம் வகுப்பில் இருந்த மகள் இப்போது பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டாள்.

அவள் வேலை பார்ப்பது ஒரு பன்னாட்டுப் பள்ளியில். பாடம் தவிர மற்றதெல்லாம் அவள் பொறுப்பு. நீச்சல், சதுரங்கம், பாட்டுக் குழு, உடைந்த பொம்மைகளைச் சரிசெய்யும் சங்கம், விளையாட்டு விழா, புதிதாக வரும் குடும்பங்களுக்குத் தேநீர் விருந்து. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும் என்பதால் பிள்ளைகளுக்கு அவள் ‘விசில் மிஸ்’. வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பு, மகளுக்கு அங்கேயே படிப்பு.

எல்லாத் திசைகளிலிருந்தும் வந்த குடும்பங்கள் அந்தப் பள்ளியில் இருந்தன. தகப்பனுக்கோ தாய்க்கோ வேலை மாறினால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அங்கே யாரும் யாரையும் ‘எந்த ஊர்?’ என்று கேட்பதில்லை. ‘எத்தனை நாள் இருப்பீங்க?’ என்றுதான் கேட்பார்கள். பதிலைப் பொறுத்துத்தான் பழகுவார்கள். சின்னப் பிள்ளைகள்கூட அந்தக் கணக்கைக் கற்று வைத்திருந்தன. ஆறு மாதத்தில் போகப்போகிறவளுக்கு யாரும் தங்கள் ரகசியத்தைச் சொல்வதில்லை.

அங்கேதான் அவள் ‘கேளுங்க நேரம்’ என்ற ஒன்றை ஆரம்பித்தாள். கணவர் போன மறு வருஷம் அது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் எல்லோரும் பெரிய கூடத்தில் உட்காருவார்கள். மாணவர், ஆசிரியர், வந்திருக்கும் பெற்றோர், பஸ் டிரைவர், யார் வேண்டுமானாலும் மேடையேறித் தனக்கு வேண்டியதை ஒன்று கேட்கலாம். முடியும் என்பவர்கள் கையைத் தூக்க வேண்டும். யாரும் சிரிக்கக் கூடாது. முக்கியமான விதி ஒன்று உண்டு: தனக்காகத்தான் கேட்க வேண்டும். அடுத்தவருக்காகக் கேட்கக் கூடாது.

“எனக்கு மரம் ஏறக் கத்துக் குடுங்க” என்று ஒரு குட்டிப் பையன் கேட்டிருக்கிறான். புதிதாக வந்த ஓர் அம்மா, “என்கூடக் கடைக்கு யாராவது வருவீங்களா? எனக்கு இங்க பேச்சே புரியலை” என்று கேட்டுவிட்டு அழுதிருக்கிறாள். பஸ் டிரைவர் ஒரு தடவை மேடையேறி, “ஐயா பெரிய மனுஷங்களே, பின்சீட்டுல சூயிங்கத்தை ஒட்டாதீங்க. என் பேன்ட்டு போனதோட நிறுத்திக்குவோம்” என்று கும்பிட்டார்.

மேடையேறக் கால் நடுங்கும் பிள்ளைகளுக்கு அவள் தனியாகச் சொல்லிக் கொடுப்பாள். “ரெண்டு காலையும் தரையில நல்லா ஊனிக்கோ. யார்கிட்ட கேக்கறியோ அவங்க முகத்தைப் பாரு. ஒரே மூச்சுல சொல்லிடு. சொன்னப்புறம் சிரிச்சு மழுப்பாதே. ‘இல்லை’ன்னு சொன்னாலும் பரவாயில்லை, கேட்டியே, அது போதும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிடுவாள்.

சனிக்கிழமை குடும்ப விழா. பள்ளியை முடித்துப் போகும் பிள்ளைகளை அன்றைக்குத்தான் வழியனுப்புவார்கள். மகளும் போகிறாள். மேற்படிப்புக்கு வேறு தேசத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அதற்காக அவர் வருகிறார்.

செவ்வாய்க்கிழமையே வேலை தொடங்கிவிட்டது. சாமான் அறையில் கூடாரத் துணிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது நாடக டீச்சர் வாசலில் வந்து நின்றாள். பன்னிரண்டு பேருக்குச் சேர வேண்டிய குரல் அவள் ஒருத்திக்கே வாய்த்திருந்தது.

“என்னடி, முகத்துல பல்பு எரியுது? கரண்ட் பில்லு யார் கட்டறது?”

“சும்மா நிக்காம அந்தப் பக்கத்தைப் பிடி.”

“வீட்டுக்காரர் வர்றாராக்கும்?”

“வியாழக்கிழமை.”

“இந்தத் தடவையாவது கேட்டுடுவியா?”

அவள் துணியை உதறினாள். தூசு பறந்தது. “கேட்டுடுவேன்.”

“போன தடவையும் இதே மூஞ்சியோட இதையேதான் சொன்னே. விமான நிலையம் வரைக்கும் போயி, ‘ஸ்வெட்டர் எடுத்து வெச்சீங்களா’ன்னு கேட்டுட்டு வந்தே.”

“அப்ப பொண்ணு கூட இருந்தா. பேசாம இருந்துட்டேன். இப்ப அவளும் போயிடுவாளே.” அவள் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். “வீட்டையும் காலி பண்ணணுமாம். குடும்பமா இருக்கிறவங்களுக்குத்தான் அந்த வீடு. எனக்குக் கடைசிக் கட்டடத்துல ஒத்தை ரூம் ஒதுக்கியிருக்காங்க. அவர் திரும்பி வந்துட்டா அதே வீட்டுல இருக்கலாம்னு தலைமை ஆசிரியை சொன்னாங்க.”

“வீட்டுக்காகவா கூப்பிடப் போறே?”

“வீட்டுக்காக இல்லை.”

“பின்னே எதுக்காகன்னு அவர்கிட்ட சொல்லு. ஊர்ப்பட்ட பிள்ளைங்களுக்குக் கேக்கச் சொல்லித் தர்றே, உன் வாயில என்ன பூட்டா?”

“பூட்டுதான். சாவி அவர்கிட்ட இருக்கு.”

“அடேங்கப்பா! வசனம்! அடுத்த வருஷ நாடகத்துல உனக்கு ஒரு பாத்திரம் போட்டே ஆகணும்” என்று நாடக டீச்சர் கையைத் தட்டினாள். பிறகு குரலைத் தணித்து, “கேட்டுடுடி” என்றாள்.

வியாழக்கிழமை மதியம் வாசலில் கார் வந்து நின்றது. அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவர் இறங்கினார். காதோரம் நரை ஏறியிருந்தது, கழுத்து கறுத்திருந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தபோது மட்டும் பழைய முகம் ஒரு கணம் வந்துவிட்டுப் போனது. கட்டிக்கொள்வதா, பெட்டியை வாங்குவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பெட்டியை வாங்கினாள்.

வாசல் காவலர் புதியவர். வளாகத்துக்குள் வரும் எல்லோரும் சட்டையில் ஓர் அட்டை குத்திக்கொள்ள வேண்டும். ஊழியர்களுக்குப் பச்சை, குடும்பத்தாருக்கு நீலம், விருந்தினருக்கு மஞ்சள்.

“சார் யாருங்க மிஸ்?”

“எங்க வீட்டுக்காரர்.”

“எத்தனை நாள் இருப்பாருங்க?”

“ஞாயிறு காலையில கிளம்பிடுவேன்” என்று அவரே முந்திக்கொண்டார்.

“அப்ப மஞ்சள்தாங்க” என்று காவலர் ஓர் அட்டையை நீட்டினார். இல்லை, நீலம் கொடுங்கள் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் அவர் அதை வாங்கிச் சட்டைப் பைமேல் குத்திக்கொண்டுவிட்டார். “சரியாத்தான் குடுத்திருக்காரு” என்று சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பை ஓரமாக, ஒன்றோடொன்று ஒட்டி வைத்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறை வாசலில் வந்து நின்று, “தண்ணி எடுத்துக்கலாமா?” என்றார்.

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. “இது உங்க வீடுங்க.”

“இல்ல, டம்ளர் எங்க இருக்குன்னு தெரியலை. அந்த அலமாரியைத் திறந்தேன், மருந்தா இருக்கு.”

“மாத்தி ரொம்ப நாளாச்சு.”

“ஓ” என்றார். அவள் எடுத்துக் கொடுத்த டம்ளரில் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தானே கழுவித் துடைத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மகள் மாலையில் வந்து, “அப்பா!” என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆனால் பத்து நிமிஷத்தில் அப்பாவுக்கும் பெண்ணுக்கும் பேச்சு தீர்ந்துபோனது. படிப்பு எப்படி, சாப்பாடு எப்படி, அங்கே குளிரா. மகள் தன் அறைக்குள் போனதும் அவருடைய போன் சிணுங்கியது. பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“யாருங்க?”

“நம்ம வாண்டுதான். ‘உங்க சாக்ஸ் ரெண்டும் வேற வேற கலர்’ங்கிறா.”

“அடுத்த ரூம்லதானே இருக்கா? எழுந்து வந்து சொல்லக் கூடாதாமா?”

“எங்களுக்கு இப்படித்தான் பேச வருது” என்றபடியே பதில் தட்டினார். உள்ளே மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

காலையில் அவள் கண் விழித்தபோது அவர் எழுந்து போயிருந்தார். கப்பலில் பழகிய பழக்கம். போர்வையை மூலை பிசகாமல் மடித்து, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டிருந்தார். அவர் படுத்த பக்கத்தில் யாருமே படுக்காதது போல இருந்தது. அவள் கையை நீட்டித் தடவிப் பார்த்தாள். சூடுகூட இல்லை.

அன்றைக்குக் கேட்க நேரம் கிடைக்கவில்லை. நேரம் கிடைத்தபோது மகள் இருந்தாள். மகள் இல்லாதபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். இப்படித் தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டு வெள்ளிக்கிழமையைக் கழித்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் மைதானம் இரைச்சலாக இருந்தது. காற்று பலமாக அடித்து ஒரு கூடாரம் சாய்ந்துவிட்டது. நீச்சல் மாஸ்டரும் இரண்டு தகப்பன்மார்களும் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு கயிற்றைச் சிக்கலாக்கிக்கொண்டிருந்தார்கள்.

“தள்ளுங்க, நான் பாக்கறேன்” என்று அவர் போய்க் கயிற்றை வாங்கினார். “நீ அந்த முனையைப் பிடி. விடாதே. காத்து பக்கம் இழு.”

அவள் பிடித்தாள். கல்யாணமான புதிதில் வாடகை வீட்டு மொட்டை மாடியில் இருவருமாகத் தார்ப்பாய் கட்டியது அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கும் இப்படித்தான் அதட்டினார். அவர் கை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு இழுப்பு இழுத்தது. கூடாரம் நிமிர்ந்து நின்றது. பிள்ளைகள் ஓடிவந்து, “அங்கிள், இந்த முடிச்சு எப்படிப் போட்டீங்க?” என்று மொய்த்துக்கொண்டார்கள். அவர் மண்டியிட்டு உட்கார்ந்து மெதுவாக அவிழ்த்துக் காட்டினார். ஒரு சிறுமி தன் தலைப்பின்னலிலேயே அந்த முடிச்சைப் போட்டுக்கொண்டு அவிழ்க்க முடியாமல் கத்தினாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குத் தைரியம் வந்தது. பக்கத்தில் போனாள்.

“ஏங்க.”

“சொல்லு.”

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் மண் ஒட்டியிருந்தது. “கேளு.”

“வந்து…”

“விசில் மிஸ்! வடம் தயாரா இருக்கு! வந்து ஊதுங்க!” என்று மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து நாடக டீச்சரின் குரல் வந்தது. ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் கயிறு இழுக்கும் போட்டி. “இதோ வந்துட்டேன், இங்கேயே இருங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டு ஓடினாள். ஊதினாள். ஆசிரியர்கள் கூண்டோடு கவிழ்ந்தார்கள். திரும்பி வந்தபோது அவர் கூடாரத்தின் பக்கம் இல்லை. வேலியோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக வீட்டில் கேட்காத குரல். உரக்க, உயிரோடு இருந்தது.

“மறுபடி மண்ணு ஏறிடுச்சா? எந்தப் பக்கம்? குழாயை நீட்டாதீங்கப்பா, உடைஞ்சிடும். கொஞ்சம் பொறுங்க. நான் வந்துடறேன். வந்துடறேன்னு சொல்றேன்ல?”

அவள் தள்ளியே நின்றாள். எத்தனையோ வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. அதை அவர் ஒரு குழாய்க்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலையில் பெரிய கூடத்தில் அந்த வருஷத்தின் கடைசிக் கேளுங்க நேரம். பள்ளியை முடித்துப் போகிறவர்கள் மட்டும் கேட்கலாம். அவர் பெற்றோர் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார், சட்டையில் மஞ்சள் அட்டையோடு. அவள் மேடைக்குக் கீழே விசிலும் கையுமாக நின்றாள். ஒரு பையன் தன் பூனையை யாராவது வளர்க்கக் கேட்டான். ஒருத்தி, தன்னை மறந்துவிடாமல் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லக் கேட்டாள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. பிறகு மகள் ஏறினாள். அம்மா சொல்லிக் கொடுத்தபடியே இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டாள்.

“எங்க அம்மாவை உங்க எல்லாருக்கும் தெரியும். நான் போனப்புறம் அவங்க மத்தியானச் சாப்பாட்டை நின்னுக்கிட்டே முடிச்சிடுவாங்க. ராத்திரி சமைக்கவே மாட்டாங்க. யாராவது அப்பப்ப அவங்களை உங்க வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டுப் போவீங்களா?”

அவளுக்குக் காது மடல் சுட்டது. “விதி இருக்கு” என்றாள் கீழே இருந்தே. “அடுத்தவங்களுக்காகக் கேக்கக் கூடாது.”

சிலர் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

“சரிம்மா. எனக்காகவே கேக்கறேன். அங்க போய் நான் நிம்மதியாப் படிக்கணும். அதுக்காகக் கேக்கறேன்.”

முதலில் நாடக டீச்சரின் கை உயர்ந்தது. பிறகு நீச்சல் மாஸ்டர், தலைமை ஆசிரியை, பஸ் டிரைவர், ஏதேதோ தேசத்து அம்மாக்கள், முதல் வகுப்புக் குட்டிகள்கூட. கூடம் முழுக்கக் கைகள். அவள் அவற்றைப் பார்த்தாள். இந்தக் கைகளில் பாதி அடுத்த வருஷம் இங்கே இருக்காது. மீதியும் அதற்கடுத்த வருஷம் போய்விடும். அவள்தான் அவர்களுக்கு வழியனுப்பு விழா நடத்துவாள்.

ஓர வரிசையில் அவர் கை மடியிலிருந்து கொஞ்சம் எழுந்தது. தொடைக்கு மேலே ஒரு கணம் நின்றது. பிறகு முழங்காலைத் தேய்ப்பது போல இறங்கிவிட்டது. மகள் அதைப் பார்த்தாளோ என்னவோ, அவள் பார்த்தாள்.

மகள் தோழிகளோடு கூடத்திலேயே தங்கிவிட, இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். இன்னும் வெளிச்சம் இருந்தது. நாற்காலிகளை மடக்கும் சத்தம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. வீட்டு வாசற்படியில் அவர் நின்றார்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றார்.

“சொல்லுங்க.”

“அங்கேயே நிரந்தரமா இருக்கச் சொல்லிட்டாங்க. துறைமுகம் மொத்தமும் என் பொறுப்பு.” தொண்டையைச் செருமினார். “சரின்னுட்டேன்.”

“எப்ப?”

“வர்றதுக்கு முன்னாடியே.”

அவள் கதவுச் சாவியைக் கையில் வைத்திருந்தாள். துவாரத்தில் நுழைக்கவில்லை. “என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?”

“கேட்டா நீ என்ன சொல்வேன்னு தெரியுமே. ‘போயிட்டு வாங்க’ம்பே.” அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. “முதல்லெல்லாம் நீ கூப்பிடுவேன்னு நினைச்சேன். போன் அடிச்சா அதுக்காகத்தான் ஓடி வந்து எடுப்பேன். நீ கேஸ் தீர்ந்ததைச் சொல்லுவே, வாண்டுக்குக் காய்ச்சல்னு சொல்லுவே. அப்புறம் ஒரு நாள், ஓடி வந்து எடுக்கறதை நானே விட்டுட்டேன். எப்போன்னு தெரியலை.”

“நீங்களா வந்திருக்கலாம்ல?”

“வந்திருக்கலாம்” என்று ஒத்துக்கொண்டார். “இப்ப பழகிப்போச்சும்மா. தனியாத் தூங்கப் பழகிட்டேன். இங்க வந்தா உன் தூக்கத்தைக் கெடுக்கறேனோன்னு பயந்து, புரளாமப் படுத்திருக்கேன். விடிஞ்சதும் எழுந்து உக்காந்தாத்தான் மூச்சு வருது.”

“அங்க நான் வந்தா?”

கேட்டுவிட்டாளே தவிர, அவள் கேட்க வந்தது அது இல்லை.

“கப்பல்தாம்மா வீடு. குடும்பத்துக்கு அங்க இடம் கிடையாது.” பிறகு, “உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்லை” என்றார்.

“தெரியும்” என்றாள். கதவைத் திறந்தாள். அவர் செருப்பைக் கழற்றி, ஒன்றோடொன்று ஒட்டி, ஓரமாக வைத்தார்.

ஞாயிறு காலையில் கார் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. மகள் அப்பாவின் தோளில் முகம் புதைத்து அழுதுவிட்டு, “போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடுங்க. சாக்ஸைப் பாத்துப் போடுங்க” என்று வீட்டு வாசலிலேயே விடை கொடுத்தாள். அவளும் அவரும் மட்டும் வளாக வாசல் வரை நடந்தார்கள். மைதானத்தில் அவர் கட்டிய கூடாரம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. மற்றவையெல்லாம் காற்றில் சரிந்துவிட்டிருந்தன.

“அதை அவுக்கும்போது இழுக்காதே, தள்ளு. தானா விட்டுடும்” என்றார்.

“சரி.”

“ஒத்தை ரூமுக்கு மாறணுமாமே, வாண்டு சொன்னா. எப்ப?”

“வாண்டு கிளம்பினதும்.”

“சாமான் தூக்க ஆள் வெச்சுக்கோ. நீயே தூக்காதே.”

“சரி.”

காவலர் எழுந்து வந்தார். “சார், அந்த அட்டையைக் குடுத்துட்டுப் போயிடுங்க.” அவர் மஞ்சள் அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். சட்டைப் பையின் மேல் ஊசி குத்திய இடத்தில் இரண்டு சின்னத் துளைகள் தெரிந்தன. அதை அவர் கட்டை விரலால் தேய்த்துவிட்டுக்கொண்டார். டிரைவர் பெட்டியை ஏற்றிப் பின்கதவைச் சாத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் கார்க் கதவின் மேல் கையை வைத்துத் திரும்பினார்.

“போயிட்டு வரட்டுமா?”

ஒவ்வொரு தடவையும் கேட்கிற கேள்விதான். ஒவ்வொரு தடவையும் அவள் சொல்லுகிற பதிலுக்காக அவர் முகம் தயாராக, ஒரு சின்னச் சிரிப்போடு இருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் டிபன் பாக்ஸ் திறந்து கிடந்த அந்தச் சமையலறையில் அவர் நின்ற மாதிரி இப்போது நிற்கவில்லை. அன்றைக்கு அந்த முகத்தில் ஒரு காத்திருப்பு இருந்தது. இன்றைக்கு அவள் தேடித் தேடிப் பார்த்தாள். கொஞ்சம்கூட இல்லை. நேரமாகிறது என்று டிரைவர் ஒரு தடவை ஹாரனைத் தொட்டார்.

பதில் என்னவென்று அவளுக்குத் தெரியும். கேட்டது போதும் என்று பிள்ளைகளிடம் சொன்னது பொய் என்பதும் இந்த நொடியில் தெரிந்துவிட்டது. போதாது. எதற்கும் போதாது. ஆனாலும் அவள் கால்கள் இரண்டும் தாமாகவே தரையில் ஊன்றிக்கொண்டன. அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“போகாதீங்க” என்றாள்.